அகதி கேஸ் முடியும் முன் கணவனை ஸ்பான்சர் செய்யலாமா?

கேரளத்தில் குளத்துப்புழை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மகள் நர்ஸ். தன் படிப்பையும் வேலையையும் வைத்தே கனடாவில் பி.ஆர். (நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை) வாங்கி, டொரொண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் இருக்கிறாள். அங்கே இலங்கை வவுனியாப் பையன் ஒருவனோடு பழக்கமாகி, கல்யாணம் வரை வந்துவிட்டது. பையன் அகதிக் கோரிக்கை போட்டிருக்கிறான், விசாரணை இன்னும் வரவில்லை. மகள் அவனை ஸ்பான்சர் செய்தால், அதாவது கணவன் என்று பொறுப்பேற்று அவனுக்குப் பி.ஆர். கேட்டால், அந்தக் கேஸ் கெடுமா, கேஸ் இருப்பதால் ஸ்பான்சர் நிற்குமா, நாளைக்கு அவன் தோற்றால் மகளின் பி.ஆருக்கு ஆபத்தா என்று கேட்கிறார். அங்கே ஓர் ஏஜென்ட் வேறு, "அகதி கேஸை வாபஸ் வாங்கு, அப்புறம் ஸ்பான்சர் போடலாம்" என்று சொல்லியிருக்கிறாராம்.

நான் வக்கீல் இல்லை, அண்ணாச்சி. செங்கோட்டைக்காரன். டொரொண்டோவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் 17 வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்துவிட்டு இப்போது புனலூரில் குடியிருக்கிறேன். இந்த மாதிரி ஜோடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசிய பழக்கத்தில் சொல்கிறேன்.

ஏஜென்ட் சொன்னதில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவசரமான விஷயம் அதுதான். வாபஸ் வாங்க வேண்டாம். ஸ்பான்சர் விண்ணப்பமும் அகதிக் கோரிக்கையும் ஒரே நேரத்தில் ஓடலாம். ஒன்றைப் போட மற்றதை விட வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. அகதிக் கோரிக்கை போட்டவுடனேயே அந்தப் பையன் பெயரில் ஒரு வெளியேற்ற உத்தரவு எழுதியிருப்பார்கள். எல்லாக் கோரிக்கையாளருக்கும் அது உண்டு, பயப்பட வேண்டாம். கேஸ் நடக்கும்வரை அது உறங்கிக் கிடக்கும். வாபஸ் வாங்கியதை உறுதிசெய்து அறிவித்தால் அது விழித்துக்கொள்ளும். அதன்பின் 30 நாளுக்குள் நாட்டை விட்டுப் போய், போனதை எல்லையில் பதிவும் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அதுவே நாடுகடத்தல் உத்தரவாக மாறிவிடும். எப்போது திரும்பி வருவதானாலும் தனி அனுமதி கேட்க வேண்டியிருக்கும். அதோடு, ஒருமுறை வாபஸ் வாங்கியவர் கனடாவில் இன்னொரு அகதிக் கோரிக்கை போட முடியாது. ஆயுசுக்கும் முடியாது.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு தம்பதி வந்தார்கள். இதே மாதிரி யாரோ சொன்னதைக் கேட்டு, பையன் வாபஸ் கடிதம் கொடுத்துவிட்டான். ஸ்பான்சர் விண்ணப்பத்தில் ஒரு படிவத்தில் கையெழுத்து விட்டுப்போய், மொத்தக் கட்டும் திரும்பி வந்திருந்தது. ஆக ஸ்பான்சரும் கணக்கில் இல்லை, அகதிக் கேஸும் இல்லை. அந்தப் பெண் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டே அழுதாள். அவர்கள் கதை பிறகு எப்படியோ சரியானது, ஆனால் நாலு வருடமும் அவள் சேர்த்த காசும் அதில் போனது.

சரி, ஸ்பான்சர் எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். கனடாவுக்குள்ளேயே சேர்ந்து வாழும் கணவன் மனைவிக்கு என்று ஒரு வகை இருக்கிறது. விதியில் எழுதியிருப்பதன்படி, விண்ணப்பிப்பவருக்கு அங்கே தற்காலிக விசா அந்தஸ்தாவது இருக்க வேண்டும். அகதிக் கோரிக்கையாளருக்கு வேலை பெர்மிட் இருக்கும், மருத்துவ வசதி இருக்கும், ஆனால் அந்த அந்தஸ்து பெரும்பாலும் இருக்காது. அந்தப் பள்ளத்தை அடைக்கத்தான் 2005 பிப்ரவரி 18-இல் ஒரு பொதுக் கொள்கை கொண்டுவந்தார்கள். விசா முடிந்தும் தங்கியவர், அனுமதியில்லாமல் வேலை பார்த்தவர், உரிய விசா இல்லாமலே வந்து இறங்கியவர், எல்லாரும் கணவனாகவோ மனைவியாகவோ உள்ளிருந்தே விண்ணப்பிக்கலாம். உங்கள் மருமகன் நிற்கப்போவது இந்தக் கொள்கையின் நிழலில்தான்.

அந்த நிழலுக்கும் ஓர் எல்லை உண்டு. போலிக் கடவுச்சீட்டிலோ முறைகேடாக வாங்கிய விசாவிலோ வந்து, இறங்கியபோது அதை ஒப்படைக்காமல், அதைக் காட்டியே ஓர் அந்தஸ்தும் வாங்கியிருந்தால் கொள்கை அவரைக் காப்பாற்றாது. முன்பு நாடுகடத்தப்பட்டு அனுமதியில்லாமல் திரும்பி வந்தவரையும் காப்பாற்றாது. ஆகவே மகளிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, அவன் எந்தத் தாளைக் காட்டி உள்ளே போனான் என்பது. அப்பா கேட்டால் சங்கடப்படுவாள். அவளை வக்கீலிடம் சொல்லச் சொல்லுங்கள், அது போதும். இன்னொன்று, இயக்கத் தொடர்பு. விடுதலைப் புலிகளை கனடா 2006 ஏப்ரலில் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. உறுப்பினராக இருந்தார் என்று அதிகாரி முடிவு கட்டினால் கல்யாணம் அதைத் துடைக்காது. வவுனியாப் பக்கத்துப் பையன்கள் பலருக்கு, கட்டாயத்தில் பதுங்குகுழி வெட்டியது, சாப்பாட்டுப் பொதி சுமந்தது என்று ஏதாவது இருக்கும். அதை எப்படிச் சொல்வது என்பது வக்கீலின் வேலை. சொல்லாமல் மறைப்பது யாருடைய வேலையும் இல்லை.

இனி, இந்த ஜோடிகள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம். கடவுச்சீட்டு. அகதிக் கோரிக்கை போடும்போது அவனுடைய கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஸ்பான்சரில் பி.ஆர். கொடுக்கும் நாளில், செல்லுபடியாகும் கடவுச்சீட்டு வேண்டும் என்பது விதி. அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கு அதில் மாற்று வழி இருக்கிறது, ஸ்பான்சரில் வருபவர்களுக்கு இல்லை. இடையில் கடவுச்சீட்டு காலாவதியானால்? புதுப்பிக்க இலங்கைத் தூதரகத்துக்குப் போக வேண்டும். "இலங்கை அரசு என்னைக் கொன்றுவிடும், பாதுகாப்பு கொடுங்கள்" என்று ஒரு கட்டடத்தில் சொல்லிவிட்டு, அதே அரசின் கட்டடத்தில் போய் வரிசையில் நின்று கடவுச்சீட்டு வாங்கினால், அகதி விசாரணையில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். தன் நாட்டின் பாதுகாப்பைத் தானாக விரும்பி மறுபடி நாடியவர் என்று சொல்லிக் கோரிக்கையைத் தள்ளவே சட்டத்தில் பிரிவு இருக்கிறது.

இதற்கு நான் பார்த்த வழி பொறுமைதான். பறிமுதலான கடவுச்சீட்டு எந்தத் தேதிவரை செல்லும் என்று இன்றே பார்க்கச் சொல்லுங்கள். நகல் அவன் வக்கீலிடம் இருக்கும். இன்னும் நாலைந்து வருடம் ஓடும் என்றால் தலைவலி பாதி குறைந்தது. சீக்கிரம் முடியப் போகிறது என்றால், ஸ்பான்சர் விண்ணப்பத்தோடு ஒரு விளக்கக் கடிதம் வைத்து, அகதிக் கேஸ் நடப்பதால் தூதரகத்துக்குப் போகமுடியாத நிலை என்று சொல்லி வைக்கலாம். தம்பதி என்பதை ஏற்றுக்கொண்டோம், பாக்கி கடவுச்சீட்டு மட்டும்தான் என்று எழுத்தில் வந்தபின் வக்கீலோடு உட்கார்ந்து எந்தப் பக்கம் சாய்வது என்று முடிவெடுக்கலாம். அதற்கு முன்னால் அவசரப்பட்டுத் தூதரகப் படி ஏற வேண்டாம். அவன் சொந்த நாட்டிலிருந்து வாங்க வேண்டிய போலீஸ் சான்றிதழுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

உங்கள் தலைமுறைக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எழுதியபோது, உங்கள் அப்பா கையில் எந்த நாட்டுப் புத்தகம் இருந்தது என்பதில்தானே ராமேஸ்வரமும் மண்டபம் முகாமும் குளத்துப்புழையும் வந்தது? ஒரு நீலப் புத்தகம் கையில் இருப்பதும் இல்லாததும் என்ன செய்யும் என்று தோட்டத்து லயத்தில் யாரும் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது, இரண்டு கோப்பும் ஒத்துப்போவது. ஆரியங்காவு செக்போஸ்ட்டில் லாரியை நிறுத்தினால் என்ன பார்ப்பார்கள்? பில்லில் எழுதியதும் மேலே ஏற்றியதும் ஒன்றா என்று. கனடாவிலும் அதேதான். அகதிக் கோரிக்கையின் அடிப்படைப் படிவம் ஒரு கோப்பில் இருக்கும், ஸ்பான்சர் படிவங்கள் இன்னொரு கோப்பில் இருக்கும், அதிகாரி இரண்டையும் திறந்து வைத்துக்கொள்வார். அகதிப் படிவத்தில் "திருமணம் ஆகாதவர்" என்று எழுதிய அதே மாதத்தில் ஸ்பான்சர் படிவத்தில் "சேர்ந்து வாழ்கிறோம்" என்றால் மாட்டிக்கொள்வார்கள். 2015-இல் கொழும்பில் இருந்தேன் என்று ஒன்றிலும் வவுனியாவில் இருந்தேன் என்று மற்றதிலும் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்ல நினைத்தவர்கள் இல்லை, இரண்டு வெவ்வேறு ஆள் நிரப்பிய படிவங்கள், அவ்வளவுதான். ஆனால் அதிகாரிக்கு அது பொய். விவரம் மறைத்ததாகவோ திரித்ததாகவோ தீர்ப்பானால் 5 வருடத் தடை. ஆகவே அகதிக் கேஸ் வக்கீலிடம் இருக்கும் படிவ நகலை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டுதான் ஸ்பான்சர் படிவத்தை நிரப்ப வேண்டும். கல்யாணம் ஆனதும் அகதி வாரியத்துக்கும் நிலை மாறியதை எழுதித் தெரிவிக்க வேண்டும். இலங்கையில் அவனுக்கு முன்பே குழந்தை ஏதும் இருந்தால் (மன்னிக்கணும், கேட்காமல் இருக்க முடியாது) இரண்டு இடத்திலும் காட்டியே ஆக வேண்டும். காட்டாத குழந்தையைப் பிறகு குடும்பமாக அழைக்க முடியாமல் போகலாம்.

கல்யாணம் பற்றி. ஆரியங்காவு ஐயன் சந்நிதியில் செய்ய வேண்டும் என்று உங்கள் வீட்டில் நேர்ந்திருக்கலாம். பையன் வர முடியாது. அவன் கனடாவை விட்டுக் காலை எடுத்தால் அகதிக் கேஸும் உள்ளிருந்து போட்ட ஸ்பான்சரும் சேர்ந்து விழும். மகள் இங்கே, அவன் அங்கே, வீடியோவில் தாலி என்றும் யாராவது யோசனை சொல்வார்கள். 2015 ஜூன் 11-க்குப் பிறகு, இருவரில் ஒருவராவது நேரில் இல்லாமல் தொலைபேசியிலோ இணையத்திலோ பிரதிநிதியை வைத்தோ செய்த கல்யாணம் ஸ்பான்சருக்குச் செல்லாது. அங்கேயே செய்யட்டும். டொரொண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் திருமண உரிமம் வாங்கினால் 90 நாள் செல்லும். கோயிலில் செய்வதாக இருந்தால், அந்தக் குருக்கள் மாகாணத்தில் திருமணம் நடத்திவைக்கப் பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எத்தனையோ பேர் மண்டபம், மேளம், ஐந்நூறு பேர் சாப்பாடு எல்லாம் முடித்துவிட்டு, காகிதத்தில் கல்யாணமே ஆகாமல் இருந்திருக்கிறார்கள். கல்யாணம் செய்யாமலும் ஸ்பான்சர் செய்யலாம், ஒரு வருடம் தொடர்ந்து ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். உங்களிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். சட்டம் அப்படி இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

மகளுக்கு என்ன ஆபத்து? இதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது என்று தெரிகிறது. அவன் கேஸ் தோற்பதால் அவள் பி.ஆர். போகாது, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அவள் தெரிந்தே பொய்யில் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்குச் சிக்கல். கணவனை ஸ்பான்சர் செய்ய இவ்வளவு சம்பளம் வேண்டும் என்ற வரம்பு பொதுவாக இல்லை. ஊனத்துக்கான உதவியைத் தவிர வேறு அரசு உதவிப் பணம் அவள் வாங்கக்கூடாது, திவாலாகி இன்னும் அதிலிருந்து விடுபடாதவளாக இருக்கக்கூடாது. பி.ஆர்.தான், குடியுரிமை இல்லை என்பதால் அவள் கனடாவிலேயே குடியிருக்க வேண்டும். ஓணத்துக்கு வந்து போவதெல்லாம் பிரச்சினை இல்லை. அவளே கணவன் ஸ்பான்சரில் போனவளாக இருந்தால் 5 வருடம் காத்திருக்க வேண்டியிருக்கும். தன் தகுதியில் போனவளுக்கு அது கிடையாது.

அவள் கொடுப்பது 3 வருட உறுதிமொழி. அவன் பி.ஆர். ஆகும் நாளிலிருந்து கணக்கு. அந்த 3 வருடத்தில் அவன் அரசு உதவிப் பணம் வாங்கினால், அதைத் திருப்பிக் கட்டச் சொல்லி அவளிடம் வருவார்கள். பிரிந்தாலும் விவாகரத்து ஆனாலும் உறுதிமொழி போகாது. அவனுடைய சொந்தக் கடன், கிரெடிட் கார்டு, இதெல்லாம் உறுதிமொழியில் வராது. பி.ஆர். கையில் வந்ததும் விட்டுவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்றால், 2 வருடம் சேர்ந்து வாழ்ந்தே ஆக வேண்டும் என்று 2012-இல் ஒரு நிபந்தனை கொண்டுவந்தார்கள், 2017-இல் எடுத்துவிட்டார்கள். அடி வாங்கிக்கொண்டும் பிரிய முடியாமல் கிடந்த பெண்களைப் பார்த்தவன் என்பதால், எடுத்தது நல்லது என்றே நினைக்கிறேன். மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்பதை எந்த நாட்டுச் சட்டமும் விசாரித்துச் சொல்லாது, அண்ணாச்சி.

சரி, கேஸ் நடுவில் தீர்ப்பானால்? வென்றால் நல்லதுதான், அகதியாகவே பி.ஆருக்கு விண்ணப்பிக்கலாம், ஸ்பான்சரும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆனால் இதில் ஒரு நுணுக்கம். அகதியாக ஏற்கப்பட்டவர் பிறகு இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்து ஊருக்குப் போய்வந்தால், பாதுகாப்பு இனித் தேவையில்லை என்று சொல்லி அகதி நிலையையும் பி.ஆரையும் சேர்த்தே பறிக்கலாம். 2012 டிசம்பரில் இருந்து அப்படி. அகதி முடிவு வருமுன் மனைவி ஸ்பான்சரில் பி.ஆர். ஆனவனுக்கு இந்தப் பயம் இல்லை. வவுனியாவில் வயதான அம்மா இருந்தால் இது சின்ன விஷயம் இல்லை.

தோற்றால், முடிவு கிடைத்த 15 நாளுக்குள் மேல்முறையீட்டுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது நடக்கும்போது பொதுவாக அனுப்ப மாட்டார்கள். அதுவும் தோற்று, எல்லைப் பாதுகாப்பு அலுவலகம் புறப்படும் தேதி பேச அழைத்தபிறகு ஸ்பான்சர் போட்டால் பயன் குறைவு. அதற்கு முன்பே போட்டிருந்தால், குற்ற வழக்கு போன்ற தடை எதுவும் இல்லாவிட்டால், வெளியேற்றத்தை 60 நாள் ஒத்திவைப்பார்கள். 60 நாள் பெரிய காலம் இல்லை, இருந்தாலும் அந்த வாசலைத் திறந்து வைப்பது நல்லது. ஆகவேதான் கல்யாணப் பதிவு முடிந்ததும் தள்ளிப்போடாமல் விண்ணப்பம் போடச் சொல்கிறேன். உள்ளிருந்து போட்ட ஸ்பான்சர் மறுக்கப்பட்டால் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடியாது, 15 நாளுக்குள் ஃபெடரல் நீதிமன்றத்தில் அனுமதி கேட்பதுதான் வழி. வெளிநாட்டிலிருந்து போடும் வகையில் மேல்முறையீடு உண்டு; சில வக்கீல்கள் அதையும் யோசிப்பார்கள், ஆனால் 2005 கொள்கையின் சலுகை அதற்கு வராது.

கட்டணம், 2024 ஏப்ரல் 30-இல் உயர்த்தியபோது எல்லாம் சேர்த்து 1,205 டாலர், கைரேகைக்கு 85 தனி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏறும், கட்டும் நாளில் பார்த்துக் கட்டட்டும். அந்த ஏஜென்ட்டிடம் உரிம எண் கேட்கச் சொல்லுங்கள். ஒன்டாரியோ வக்கீல் சங்கத்திலோ குடிவரவு ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் 'காலேஜ்' என்ற அமைப்பிலோ அவர் பெயர் இருக்க வேண்டும். இரண்டிலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். எண்ணைச் சொல்லாமல் "நம்ம ஆள்தானே" என்று தோளில் தட்டுகிறவரிடம் ஒரு டாலரும் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் இங்கிருந்து செய்யக்கூடியதும் இருக்கிறது. கல்யாணப் படத்தில் பெண் வீட்டார் யாரும் இல்லையென்றால், கள்ளக் கல்யாணமோ என்று அதிகாரிக்குத் தோன்றும். பி.ஆருக்காகவே செய்த கல்யாணம் என்று அவர் நினைத்தாலே போதும், மறுக்கலாம். ஆகவே நீங்களும் அக்காவும் ஒரு கடிதம் எழுதுங்கள். மகள் எப்போது சொன்னாள், நீங்கள் முதலில் சம்மதித்தீர்களா இல்லையா, பையனோடு வீடியோவில் என்ன பேசினீர்கள், ஏன் போக முடியவில்லை என்று உள்ளதை உள்ளபடி. முதலில் கோபப்பட்டு இரண்டு மாதம் பேசாமல் இருந்ததாகக் கேள்விப்பட்டேன். அதையும் எழுதுங்கள், அந்த வரிதான் கடிதத்தை நம்ப வைக்கும். தமிழில் எழுதினால் போதும், சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலமாக்கிக் கொள்வார். பையன் வீட்டாரோடு பேசிய அழைப்புப் பதிவுகள் உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடாதீர்கள்.

அப்புறம் மகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்ப் புத்தகத்தில் உங்கள் பெயர் ஒரு மாதிரியும் அவள் கடவுச்சீட்டில் வேறு மாதிரியும் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். மலையாளத்தில் எழுதி ஆங்கிலமாக்கியதில் தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப்பேருக்கு அந்தக் கோளாறு உண்டு. இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஓர் அஃபிடவிட் வேண்டும். புனலூர் கோர்ட் பக்கம் நோட்டரி இருக்கிறார்கள். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வாருங்கள், கூட வருகிறேன்.